மயில் ஐயரும் எண்கோணக் கோபுரமும்

எங்க பக்கம், அதாவது திருநெல்வேலி சி.எஸ்.ஐ. சபைகள்ல, பாதிரியாரை ஐயர்னுதான் சொல்லுவோம். மெட்ராஸ்ல காலேஜ் சேர்ந்த புதுசுல "ஐயர் வீட்ல நேத்து கறிக்கொழம்பு"னு சாதாரணமா சொல்லப்போய் மயிலாப்பூர்க்கார ரூம்மேட் ஒருத்தன் சோத்துல வெச்ச கைய எடுக்காம என்னையே பாத்துட்டு இருந்தான், அவனுக்கு வெளக்கிச் சொல்றதுக்குள்ள தாவு தீந்துடுச்சு. அதனால முதல்லயே சொல்லிடறேன், இந்தப் பதிவுல வர்ற ஐயர் அந்த ஐயர் இல்ல. இவர் பேரு ஜார்ஜ் பீகாக், இங்கிலீஷ்காரர், ஆங்கிலிக்கன் குருவானவர், அதைவிட முக்கியமா கணக்கு வாத்தியார். பீகாக்னா மயில்தானே, எங்கப்பா அவருக்கு வெச்ச பேரு மயில் ஐயர்.

அப்பாவும் கணக்கு வாத்தியார், ரிட்டயர்டு. எங்க காலத்துப் பத்தாங்கிளாஸ் கணக்குல கணங்கள் பாடத்துல டி மார்கன் விதி வரும் ஞாபகம் இருக்கா, சேர்ப்போட நிரப்பி எடுத்தா நிரப்பிகளோட வெட்டு, வெட்டோட நிரப்பி எடுத்தா சேர்ப்பு. அந்தப் பாடம் எடுக்கும்போதெல்லாம் வருஷா வருஷம் அப்பா "இந்த ஆளு நம்ம மதுரைல பொறந்தவன்ல"னு சொல்லுவாரு, கிளாஸே சிரிக்கும், சும்மா அடிச்சு விடறாருன்னு. நெசந்தான். அகஸ்டஸ் டி மார்கன் 1806 ஜூன் 27-ல மதுரைல பொறந்தவர். அவங்கப்பா கிழக்கிந்தியக் கம்பெனி பட்டாளத்துல ஆபீசர். பொறந்து கொஞ்ச நாள்லயே ஒரு கண்ணுல பார்வை போயிடுச்சு, ஏழு மாசக் கொழந்தையா இருக்கும்போதே இங்கிலாந்துக்குக் கொண்டு போயிட்டாங்க. 1823-ல கேம்பிரிட்ஜ் டிரினிட்டி காலேஜ்ல சேர்ந்தாரு, அங்க அவருக்குப் பாடம் எடுத்தவங்கள்ல ஒருத்தர்தான் நம்ம மயில் ஐயர்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸ் வேலையா மூணு மாசம் கேம்பிரிட்ஜ்ல இருந்தேன். டிரினிட்டிக்குப் போனேன்னு அப்பாகிட்ட போன்ல சொன்னா "அது சரி, ஈலிக்குப் போனியா?"ன்னாரு. ஈலி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. ட்ரெயின் ஏறுனா ஒரு கால் மணி நேரம்தான், வழி பூரா தட்டையான நெலம், ஒரு மேடு கெடையாது, வானம்தான் முக்கால்வாசி. திடீர்னு தூரத்துல கப்பல் மாதிரி ஒண்ணு நிக்குது, அதான் ஈலி கதீட்ரல், எங்க பேச்சுல கோயில். சதுப்பு நிலத்துக் கப்பல்னுதான் அந்த ஊர்க்காரங்களே அதுக்குப் பேரு வெச்சிருக்காங்க. ஒரு காலத்துல அந்தப் பக்கம் முழுக்க தண்ணியும் நாணலுமா கெடந்துச்சாம், ஈலி அதுக்கு நடுவுல ஒரு தீவு, ஊர் பேரே விலாங்கு மீன்லேர்ந்து வந்ததுன்னு சொல்றாங்க. கோயில் கட்ட பார்னாக் ஊர் கல்குவாரிலேர்ந்து கல்லு எடுத்துக்கறதுக்கு பீட்டர்பரோ மடத்துக்கு வருஷத்துக்கு 8,000 விலாங்கு குடுத்தாங்கன்னு ஒரு கணக்கு உண்டு. கல்லுக்கு மீனு. எங்கப்பாவுக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு, "ஜி.எஸ்.டி. உண்டாமா?"ன்னாரு.

சரி, மயில் ஐயர் கதைக்கு வரேன்.

1791-ல வடக்கு இங்கிலாந்துல, டார்லிங்டன் பக்கத்துல டென்டன்னு ஒரு சின்ன ஊர்ல பொறந்தாரு. அவங்கப்பாவும் ஐயர்தான், அதே ஊர்ல அம்பது வருஷம் ஊழியம், வரும்படி பத்தாம பள்ளிக்கூடமும் நடத்துனவரு. பையன் படிப்புல ஒண்ணும் பெரிய சூரன் இல்ல, அவன் பேரெடுத்தது ஏற்றதுலதான், பயமில்லாம கண்ட உயரத்துலயும் ஏறுவானாம். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. பதினேழு வயசுல ரிச்மண்ட் ஸ்கூல்ல ஒரு நல்ல வாத்தியார் கைல மாட்டுனான், அதுக்கப்புறம்தான் மண்டை தொறந்துச்சு. 1809-ல டிரினிட்டி, 1813-ல பரிச்சைல ரெண்டாம் ரேங்க். முதல் ரேங்க் ஜான் ஹெர்ஷல், பின்னால பெரிய வானியல்காரரா ஆனவரு. அவர்கூட சேர்ந்து படிச்சிட்டு ரெண்டாவது வந்தா அது தோல்வி கெடையாது.

இந்த ஹெர்ஷல், பீகாக், அப்புறம் கம்ப்யூட்டர் பாடத்துல முதல் பக்கத்துலயே வர்ற சார்லஸ் பாபேஜ், இவங்க மூணு பேரும் 1812-ல அனலிட்டிக்கல் சொசைட்டின்னு ஒரு சங்கம் வெச்சாங்க. எதுக்குன்னா கேம்பிரிட்ஜ்ல நியூட்டன் மேல இருந்த பக்தில கால்குலஸை அவரு போட்ட புள்ளிக் குறியீட்டுலயே நூறு வருஷமா ஓட்டிட்டு இருந்தாங்க, ஐரோப்பாக்காரன் லைப்னிட்ஸோட டி குறியீட்டுல எங்கயோ போயிட்டான். பசங்க கூட்டம் போட்டுப் பேசுனா எவன் கேப்பான்? பீகாக் என்ன பண்ணாருன்னா, 1817-ல பரிச்சைக்குக் கேள்வித்தாள் எடுக்கற பொறுப்பு அவருக்கு வந்துச்சு, கமுக்கமா கேள்விய டி குறியீட்டுல கேட்டு வெச்சுட்டாரு. அவ்ளோதான். பரிச்சைல வந்துடுச்சுன்னா படிச்சுத்தானே ஆகணும். சிலபஸ் கமிட்டிகூட சண்டை போடறதை விட கொஸ்டின் பேப்பர் புடிக்கறது ஈசின்னு புரிஞ்சு வெச்சிருந்த ஆளு. பின்னாடி கோயில் விஷயத்துலயும் அவர் இதே மாதிரி ஆளாத்தான் எனக்குத் தெரியறாரு, மேடை போட்டு முழங்கறவர் இல்ல, சரியான எடத்துல போய் உக்காந்துக்கறவரு.

1830-ல அல்ஜிப்ரா பத்தி ஒரு பெரிய புஸ்தகம் எழுதுனாரு. அந்தக் காலத்துல மைனஸ் நம்பரையே ஒத்துக்காத கணக்கு வாத்தியாருங்க இருந்தாங்கன்னா நம்புவீங்களா? இல்லாததை விடக் கம்மின்னா என்ன அர்த்தம்னு கேப்பாங்க. வில்லியம் ஃபிரெண்ட்னு ஒருத்தர், அந்தக் கட்சியோட தலைவர் மாதிரி, வேடிக்கை என்னன்னா பின்னால அவர் மகளைத்தான் டி மார்கன் கட்டுனாரு, மாமனார் வீட்டு விருந்துல என்ன பேசியிருப்பாங்களோ. பீகாக் சொன்னது, அல்ஜிப்ராவுல எழுத்துக்கும் குறிக்கும் விதிதான் முக்கியம், அது எந்த எண்ணைக் குறிக்குதுங்கறது அப்புறம். இன்னிக்கு நமக்கு இது சாதாரணம். அன்னிக்கு இதைச் சொல்ல ஒரு தைரியம் வேணும்.

இதுக்கு நடுவுல அவர் ஐயர் ஆன கதை. தேவ அழைப்பு, தரிசனம்னு கன்வென்ஷன்ல சாட்சி சொல்ற மாதிரி எதுவும் எதிர்பாக்காதீங்க. டிரினிட்டில ஃபெலோவா, அதாவது காலேஜோட நிரந்தர உறுப்பினரா நீடிக்கணும்னா குறிப்பிட்ட வருஷத்துக்குள்ள குருப்பட்டம் வாங்கியாகணும்னு சட்டம், 1822-ல வாங்கிட்டாரு. அந்த ஊர் ப்ரொபசர்ங்க பாதிப் பேரு இப்படித்தான் ஐயர் ஆனாங்க. 1826-லேர்ந்து 1835 வரைக்கும் லெஸ்டர்ஷயர்ல வைம்ஸ்வோல்டுங்கற ஊருக்கு விகார், அதாவது ஊர்ச் சபைப் பாதிரியார், நம்ம பாஷைல சேகரத்து ஐயர். 1837-ல கேம்பிரிட்ஜ்ல வானியல், ஜியோமெட்ரிக்கு லவுண்டியன்னு பேரு வெச்ச பேராசிரியர் பதவி. டி மார்கன் கதை இதுக்கு நேர் எதிர், சபைக் கோட்பாட்டுல கையெழுத்துப் போட்டாத்தான் எம்.ஏ. குடுப்போம்னாங்க, மதுரைக்காரரு போட மாட்டேன்னுட்டாரு, எம்.ஏ.வும் இல்ல ஃபெலோவும் இல்ல, லண்டன்ல புதுசா தொறந்த காலேஜ்ல போய் ப்ரொபசர் ஆனாரு. அப்பாவுக்கு இந்த எடத்துல டி மார்கன்தான் ஹீரோ. எனக்கு அவ்வளவு உறுதியாச் சொல்லத் தெரியல, ஏன்னா கையெழுத்துப் போட்ட மனுஷன் அந்த உத்தியோகத்தை வெச்சு என்ன செஞ்சாருன்னு பாக்கணும்ல.

1839-ல அவரை ஈலிக்கு டீனாப் போட்டாங்க. டீன்னா நமக்கு மெடிக்கல் காலேஜ்தான் ஞாபகம் வரும். கதீட்ரல்னா பிஷப்போட நாற்காலி இருக்கற கோயில், ஆனா அந்தக் கோயிலுக்கு வீட்டுக்காரர் பிஷப் இல்ல, டீன்தான். டீனும், கேனன்கள்ங்கற கதீட்ரல் குருமாரும் சேர்ந்த சாப்டர்ங்கற குழுதான் சொத்து, கூரை, பாட்டு, சம்பளம் எல்லாத்தையும் பாக்கும். எட்டாம் ஹென்றி மடத்தைக் கலைச்சப்புறம் 1541-ல போட்ட ஏற்பாடு. அந்தக் காலத்துல இது கட்சிக்காரனுக்குக் குடுக்கற கவுரவப் பதவி, அப்ப விக் கட்சி ஆட்சி, பீகாக்கும் விக். நல்ல வீடு, நல்ல வருமானம், வேலைன்னு பெருசா ஒண்ணும் இல்லைன்னு நெனச்சு வந்தவங்க நெறையப் பேரு. ஈலிய பத்தி ஒரு கிண்டலே உண்டு, அங்க பிஷப்பா இருந்த ஸ்பார்க்ங்கறவரு நல்ல நல்ல சபையெல்லாம் தன் குடும்பத்துக்கே குடுத்துட்டாருன்னு, சதுப்பு நிலத்துல ராத்திரி வழி தெரியலன்னா கவலையே வேண்டாம், வழி நெடுக ஸ்பார்க் மின்னும்பாங்களாம். இந்த மாதிரி கிண்டல் நம்ம டயோசிஸ்லயும் உண்டு, பேரு மட்டும் மாறும், நான் எதுவும் சொல்லல.

கோயில் எப்படி இருந்துச்சுன்னா, 1083-ல ஆரம்பிச்ச கட்டடம், எழுநூத்தம்பது வருஷப் பழசு. தூணு, சிற்பம்னு பாக்காம எல்லாத்து மேலயும் சுண்ணாம்பு. ஒரு பக்கத்துக் கை ஒடிஞ்ச மாதிரி முகப்புல வடமேற்கு சிறகு எப்பவோ விழுந்து அப்படியே கெடக்குது, இன்னிக்கும் அப்படித்தான். தென்மேற்கு சிறகைச் சுவர் வெச்சு அடைச்சு வெச்சிருந்தாங்க. அதை ஒட்டியிருந்த புனித கேத்தரின் சிற்றாலயம் இடிஞ்சு கெடந்துச்சு.

நடுவுல மட்டும் உலகத்துலயே வேற எங்கயும் இல்லாத ஒண்ணு. 1322 பிப்ரவரில ஒரு ராத்திரி, துறவிங்க ஜெபம் முடிச்சுட்டுப் படுக்கப் போற நேரத்துல, நடுக் கோபுரம் மொத்தமா சரிஞ்சு விழுந்துச்சு, பூகம்பம்னு நெனச்சாங்களாம். வேற யாராயிருந்தாலும் அதே எடத்துல இன்னொரு சதுரக் கோபுரம் எழுப்பியிருப்பாங்க. கட்டட வேலையெல்லாம் பாத்துட்டு இருந்த ஆலன்ங்கற துறவி, நாலு தூணு நின்ன எடத்தை எட்டுத் தூணாக்கி எண்கோணமா அகலப்படுத்திட்டாரு. அவ்வளவு அகலத்துக்குக் கல்லுல கூரை போட முடியாது, அதனால ராஜாவோட ஆசாரி வில்லியம் ஹர்லிய வரவழைச்சு மரத்துல பண்ணாங்க. எட்டு ஓக் மரம், ஒவ்வொண்ணும் 63 அடி, அவ்வளவு நேரா அவ்வளவு நீளத்துக்கு மரம் தேடி அலைஞ்சு பெட்ஃபோர்டுஷயர்ல சிக்சாண்ட்ஸ்லேர்ந்து வாங்குனாங்க. அந்த எட்டு மரமும் அந்தரத்துல நிக்குது, மேல கண்ணாடிக் கூண்டு, அதுக்கு லாந்தர்னே பேரு, கீழேர்ந்து பாத்தா வெளிச்சம் மட்டும்தான் தெரியும், எது எதைத் தாங்குதுன்னு தெரியாது. உச்சில கிறிஸ்து உருவம் ஒண்ணு மரத்துல, அதைச் செதுக்குன ஜான்ங்கற ஆசாரிக்குக் கூலி 2 ஷில்லிங்கும் சாப்பாடும்.

நானூறு வருஷம் கழிச்சு அந்த மரமெல்லாம் உளுத்துப்போய் ஆட ஆரம்பிச்சுது. 1757-லேர்ந்து ஜேம்ஸ் எசக்ஸ்ங்கறவர் சரி பண்ணாரு, ஆனா அலங்காரத்தையெல்லாம் எடுத்துட்டு வெளிப்பக்கம் மொட்டையா விட்டுட்டாரு. கோதிக்ங்கற அந்தப் பழைய கட்டடப் பாணி மேல பைத்தியமா இருக்கறவங்க எல்லாம் அவரைத் திட்டறாங்க. எனக்கு அவர் மேல மரியாதைதான், அவர் மட்டும் கை வெக்கலன்னா மயில் ஐயருக்கு அங்க சரி பண்றதுக்கே ஒண்ணும் இருந்திருக்காது.

பீகாக் வந்தாரு, பாத்தாரு. அவர் வந்த மறுவருஷமே, 1840-ல, கதீட்ரல்களோட வருமானத்தை எடுத்து ஏழைச் சபைகளுக்குக் குடுக்கணும்னு கேனன் எண்ணிக்கையையெல்லாம் வெட்டி சட்டம் வந்துச்சு, அதாவது காசு கம்மியாகற நேரம் பாத்து இவர் வேலைய ஆரம்பிக்கறாரு. முதல்ல சுண்ணாம்பைச் சுரண்ட விட்டாரு. சுரண்டச் சுரண்ட உள்ளேர்ந்து பர்பெக் சலவைக்கல் தூணு வருது, பழைய வண்ணம் வருது. கேம்பிரிட்ஜ்லேர்ந்து சிநேகிதர் ராபர்ட் வில்லிஸ் வந்தாரு, மெக்கானிக்ஸ் ப்ரொபசர், பழைய கோயிலை ஒரு மிஷினைப் பிரிக்கற மாதிரி எந்தக் கல்லு எந்தக் காலம்னு பிரிச்சுச் சொல்றவரு. அடைச்சிருந்த தென்மேற்கு சிறகைத் தொறந்தாங்க. கேத்தரின் சிற்றாலயத்தை 1848-ல திரும்பக் கட்டுனாங்க. மேற்குக் கோபுரத்துக்கு உள்ள குறுக்க போட்டு வெச்சிருந்த அடைப்பையும் எடுத்துட்டாங்க, வாசல்ல நின்னு அண்ணாந்து பாத்தா கண்ணு மேல போய்க்கிட்டே இருக்கும்.

அந்த மேற்குக் கோபுரத்துலதான் அந்தச் சம்பவம். ஜார்ஜ் பசேவி, அப்ப பேரு பெத்த ஆர்க்கிடெக்ட், கேம்பிரிட்ஜ்ல ஃபிட்ஸ்வில்லியம் மியூசியம் கட்டிட்டு இருந்தவரு, பின்னால பிரதமர் ஆன டிஸ்ரேலிக்கு உறவு. 1845 அக்டோபர்ல கோபுரத்து மணிக்கூண்டு வேலையப் பாக்க ஏறுனவரு, தளத்துல இருந்த ஓட்டை வழியா கீழ விழுந்து அங்கயே செத்துப்போனாரு. வயசு 51. மியூசியத்தை வேற ஒருத்தர்தான் முடிச்சாரு. அவரை அதே கோயில்லயே அடக்கம் பண்ணிப் பித்தளைத் தகடு வெச்சிருக்காங்க. நான் அந்தத் தகடு பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னேன். சின்ன வயசுல கண்ட உயரத்துல ஏறித் திரிஞ்ச மனுஷன் இந்த வேலைக்கு டீன், கீழ விழுந்தது அழைச்சுட்டு வந்த விருந்தாளி. அதுக்கப்புறம் பீகாக் வேலைய நிறுத்தல. நானா இருந்தா நிறுத்தியிருப்பேன்னு நெனக்கறேன்.

1847-ல ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட்டைக் கூட்டிட்டு வந்தாரு. பின்னாடி இங்கிலாந்துல பாதி கதீட்ரல் இவர் கைக்குத்தான் போச்சு, ஆனா முதல் கதீட்ரல் ஈலிதான், அப்ப அவருக்கு வயசு 36. எசக்ஸ் காலத்துல பாடகர் இருக்கையெல்லாம் கிழக்குக் கோடில தள்ளி வெச்சிருந்தாங்க, ஸ்காட் அதை எண்கோணத்துப் பக்கமா கொண்டு வந்து நடுவுல அடைச்ச சுவர் இல்லாம மரத்துல திறந்த தட்டி ஒண்ணு வெச்சாரு, வாசல்லேர்ந்து பலிபீடம் வரைக்கும் பார்வை போகணும்னு. ஸ்காட்டை இன்னிக்குத் திட்டறவங்க நெறைய, பழசைக் காப்பாத்தறேன்னு தன் கற்பனையப் பழசு மாதிரி கட்டி வெச்சுட்டுப் போயிட்டாருன்னு. அதுல உண்மையும் இருக்கு.

மயில் ஐயர் கோயிலோட நிக்கல, ஊர்ல சாக்கடை, குடிதண்ணி வரணும்னு அதுக்கும் அலைஞ்சாரு. யுனிவர்சிட்டி சீர்திருத்தக் கமிஷன், 1834-ல பார்லிமென்ட் தீப்பிடிச்சதுல போன யார்டு, பவுண்டு அளவைத் திரும்ப நிர்ணயிக்கற கமிட்டி எல்லாத்துலயும் இருந்தாரு. ஈலில இருந்துக்கிட்டே கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பதவிய மட்டும் சாகற வரைக்கும் விடல, இது எனக்குக் கொஞ்சம் இடிக்குது. 1847-ல, 56 வயசுல, கல்யாணம். பிள்ளைங்க இல்ல. 1858 நவம்பர் 8-ல ஈலிலயே காலமானாரு.

இன்னிக்குக் கோயிலுக்குள்ள அண்ணாந்து பாத்தா தெரியற கூரை ஓவியம் எல்லாம் அப்பத்தான் சூடு பிடிக்குது. லெ ஸ்ட்ரேஞ்ச்னு நார்ஃபோக்ல ஒரு ஜமீன்தார், தொழில்முறை ஓவியர் இல்ல, மேற்குக் கோபுரத்து உள்கூரைய 1855-ல வரைஞ்சு முடிச்சாரு, பீகாக் அதைப் பாத்தாச்சு. 1858-ல நீளமான நடுக்கூடத்துக் கூரைல கை வெச்சாரு, ஆதாம்லேர்ந்து இயேசு வரைக்கும், பாதி முடிக்கறதுக்குள்ள 1862-ல அவரும் போயிட்டாரு. மீதிய அவரோட ஸ்கூல் சிநேகிதர் கேம்பியர் பாரி முடிச்சாரு, அவரும் தொழில்முறை ஓவியர் கெடையாது. எங்க ரெண்டும் சேருதுன்னு நான் கழுத்து வலிக்கத் தேடுனேன், உத்துப் பாத்தா பாதிக்கு மேல ஆளுங்க முகம் கொஞ்சம் மாறுது.

மயில் ஐயர் ஞாபகார்த்தமா என்ன பண்ணாங்கன்னா செலை வெக்கல. எசக்ஸ் மொட்டையடிச்ச அந்த லாந்தரை ஸ்காட் பழைய வடிவத்துக்குத் திரும்பக் கொண்டு வந்தாரு, அதுதான் நினைவுச் சின்னம்.

அதுக்கு மேல ஏற டிக்கெட் குடுக்கறாங்க, நூத்திச் சொச்சம் படி, தோள் இடிக்கற சுருள் படிக்கட்டு. கடைசில மரச்சட்டங்களுக்கு நடுவுல குனிஞ்சு போனா அந்த 63 அடி மரம் கைக்கெட்டுற தூரத்துல, உளி போட்ட தடத்தோட. கீழேர்ந்து தேவதூதர் ஓவியமாத் தெரியறதெல்லாம் உள்ள வந்து பாத்தா கீல் போட்ட கதவு. கைடு அம்மா ஒரு தேவதூதரைப் புடிச்சு இழுத்துத் தொறந்தாங்க. எட்டிப் பாத்தா பாதாளத்துல நாற்காலிங்க தீப்பெட்டி சைஸ்ல, யாரோ ஆர்கன் பழகறாங்க, சத்தம் கீழேர்ந்து மேல வருது. பசேவி ஞாபகம் வந்துச்சு, கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேன்.

எறங்கி வந்து அப்பாவுக்கு போன் போட்டேன். எங்க ஊர்க் கோயில்ல பத்து வருஷம் முன்னாடி பழைய தேக்கு உத்தரமெல்லாம் மறையற மாதிரி ஃபால்ஸ் சீலிங் அடிச்சுட்டாங்க, அப்பா அந்தக் கமிட்டில இருந்தாரு, நான் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டிட்டே இருப்பேன். அன்னிக்கும் ஆரம்பிச்சேன், இங்க வந்து பாருங்கப்பா, சுண்ணாம்பைச் சுரண்டி உள்ள இருக்கறதை எடுத்திருக்காங்க, நீங்க உள்ளதை மூடிட்டீங்கன்னு.

"நடுக்கூடத்துக் கூரைல படம் இருக்குன்னியே, அது எதுலல வரைஞ்சிருக்கு?"

"பலகைலப்பா."

"பலகைய எப்ப அடிச்சான்?"

நான் கைடு புக்கைத் திருப்பிப் பாத்தேன். ஸ்காட் காலத்துலதான். அதுவரைக்கும் அங்க கூரையோட உத்தரம், வாரையெல்லாம் கீழேர்ந்தே தெரிஞ்சிட்டு இருந்திருக்கு. படம் வரையறதுக்காக மறைச்சுப் பலகை அடிச்சிருக்காங்க.

"இப்பதான்ப்பா அடிச்சிருக்காங்க, நூத்தி அறுவது வருஷம் முன்னாடி."

"ம். ஃபால்ஸ் சீலிங்"னு சொல்லிட்டு அப்பா சாப்பிடப் போயிட்டாரு.